ஹஸ்கர்ஸ் இழந்தது என்ன, மிச்சமிருப்பது என்ன

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதும் அமெரிக்க ஆட்டம், நம் கால்பந்து அல்ல) 1997 சீசனின் தேசியப் பட்டத்தை இரண்டு அணிகள் பங்கிட்டுக்கொண்டன. பத்திரிகையாளர்கள் வாக்களித்த பட்டியலில் மிச்சிகன் முதலிடம், பயிற்சியாளர்கள் வாக்களித்த பட்டியலில் நெப்ராஸ்கா முதலிடம். இரண்டும் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. பிற்பாடு இரண்டுமே சறுக்கின. மிச்சிகன் எழுந்துவிட்டது, 2023 சீசனில் 15 ஆட்டங்களையும் வென்று மறுபடி பட்டம் வாங்கியது. நெப்ராஸ்காவோ 1999க்குப் பிறகு தன் லீக்கின் பட்டத்தைக்கூடத் தொடவில்லை. 2017 முதல் 2023 வரை ஏழு சீசன்கள் தொடர்ந்து, வென்றதைவிடத் தோற்றதே அதிகம்.

இந்த அணி மறுபடி தலைதூக்குமா என்று ஒவ்வொரு ஆகஸ்டிலும் அங்கே விவாதம் நடக்கும். வெஸ்ட் இண்டீஸ் கிரிக்கெட் பற்றி நாம் பேசிப் பேசி அலுத்தது மாதிரிதான். ஆனால் அந்தப் பேச்சில் பெரும்பாலும் 'பழைய பெருமை', 'மனவுறுதி', 'பாரம்பரியம்' என்ற சொற்களே புரளுகின்றன. நெப்ராஸ்கா ஏன் அப்படி ஆண்டது என்பதற்குத் துல்லியமான, கிட்டத்தட்ட இயந்திரத்தனமான காரணங்கள் இருந்தன. அவை என்ன ஆயின என்று பார்த்தால் பதில் தானே வந்துவிடும்.

இடத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நெப்ராஸ்கா அமெரிக்காவின் நடுவில் உள்ள சோள நாடு. அணியின் பெயரே கார்ன்ஹஸ்கர்ஸ், சோளக்கதிரின் மட்டை உரிப்பவர்கள். சுருக்கமாக ஹஸ்கர்ஸ். 2020 கணக்கெடுப்பில் மாநில மக்கள்தொகை சுமார் 19.6 லட்சம்; கோயம்புத்தூர் மாவட்டத்தில் அதைவிட அதிகம் பேர் இருக்கிறார்கள். பெரிய தொழில்முறை லீக் எதிலும் இந்த மாநிலத்துக்கு அணி கிடையாது. ஆகவே லிங்கன் நகரிலுள்ள அரசுப் பல்கலைக்கழகத்தின் அணிதான் எல்லாருக்கும் அணி. அங்குள்ள மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்ட நாளன்று ஒமாஹா, லிங்கன் நகரங்களுக்கு அடுத்து மாநிலத்தின் மூன்றாவது பெரிய ஊர் அந்த ஸ்டேடியம்தான் என்பார்கள். கணக்குப் பார்த்தாலும் அது உண்மைதான். 1962 நவம்பரிலிருந்து ஒரு ஆட்டத்துக்குக்கூட டிக்கெட் மீந்ததில்லை. எண்ணிக்கை 400ஐத் தாண்டிவிட்டது. (சில ஆண்டுகளில் மீந்ததை நன்கொடையாளர்கள் சத்தமில்லாமல் வாங்கிக் கணக்கைக் காப்பாற்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) 2023 ஆகஸ்ட் 30 அன்று அதே மைதானத்தின் நடுவில் வலை கட்டி, பல்கலைக்கழகத்தின் பெண்கள் வாலிபால் அணியை ஆடவிட்டார்கள். பார்க்க வந்தவர்கள் 92,003 பேர்.

இவ்வளவு சிறிய மாநிலத்தில் நல்ல ஆட்டக்காரர்கள் எத்தனை பேர் பிறப்பார்கள்? டெக்சாஸ், ஃபுளோரிடா, ஜார்ஜியா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் தேர்ந்த பள்ளி வீரர்களை உருவாக்குகின்றன. நெப்ராஸ்காவில் விரல்விட்டு எண்ணலாம். ஆக, இந்த அணி இயற்கையாக வலுவான அணி அல்ல. இல்லாததை ஈடுகட்ட யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

யோசித்தவர்கள் இரண்டு பேர். 1962இல் பயிற்சியாளராக வந்த பாப் டெவனி, தோற்றுக்கொண்டிருந்த அணியைத் தூக்கி நிறுத்தி, 1970லும் 1971லும் தேசியப் பட்டம் வென்றார். 1971 நவம்பர் 25இல் ஓக்லஹோமாவை 35-31 என்று வீழ்த்திய ஆட்டத்தை 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று இன்றும் சொல்கிறார்கள். அவருக்குப் பின் 1973இல் பொறுப்பேற்றவர் அவருடைய உதவியாளர் டாம் ஆஸ்போர்ன். 25 சீசன்கள், 255 வெற்றி, 49 தோல்வி, 3 சமன். எந்த ஆண்டும் ஒன்பது வெற்றிக்குக் குறைந்ததே இல்லை. 1994, 1995, 1997 என மூன்று பட்டங்கள். கடைசி ஐந்து ஆண்டுகளில் 60 வெற்றி, 3 தோல்வி. 1995 அணி, பட்டத்துக்கான ஆட்டத்தில் ஃபுளோரிடாவை 62-24 என்று நொறுக்கியது. கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றிலேயே சிறந்த அணி எது என்று கேட்டால், பலர் யோசிக்காமல் அதைத்தான் சொல்வார்கள்.

இந்தப் புள்ளிவிவரத்தில் மறைந்திருக்கும் ஒன்றைக் கவனியுங்கள். ஆஸ்போர்னின் முதல் பட்டம் அவருடைய 22ஆவது சீசனில் வந்தது. முதல் ஐந்து ஆண்டுகளும் பரம எதிரி ஓக்லஹோமாவிடம் தோற்றார். 1983 சீசனின் முடிவில், 1984 ஜனவரி 2 அன்று மயாமிக்கு எதிராக 31-30 என்று தோற்றது இன்னும் பேசப்படுகிறது. கடைசி நிமிடத்தில் எல்லைக்கோட்டைக் கடந்து புள்ளி எடுத்த பிறகு கிடைக்கும் கூடுதல் வாய்ப்பில், ஒரு புள்ளி உதையை எடுத்துச் சமன் செய்திருந்தால் பட்டம் அநேகமாகக் கைக்கு வந்திருக்கும். அவர் வெற்றிக்காக இரண்டு புள்ளி முயற்சியில் இறங்கினார், அது தவறிப்போனது. இன்றைய காலத்தில் இப்படி ஒரு பயிற்சியாளரை 22 ஆண்டுகள் வைத்திருப்பார்களா? ஐந்தாம் ஆண்டே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இனி அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்று பார்ப்போம்.

முதலாவது, உடல் வலு. 1969இல் பாய்ட் எப்லி என்ற இளைஞரை, வீரர்களுக்கு எடைப்பயிற்சி கொடுப்பதற்கென்றே அமர்த்தினார்கள். எடை தூக்கினால் உடம்பு இறுகி வேகம் போய்விடும் என்று பெரும்பாலான பயிற்சியாளர்கள் நம்பிய காலம் அது. நெப்ராஸ்கா அதை விஞ்ஞானமாக நடத்தியது. சோள வயலிலிருந்து வந்த சுமாரான பையன் நான்கைந்து ஆண்டுகளில் எதிராளியைத் தரையோடு தள்ளும் லைன்மேனாக மாறினான். இந்த ஆட்டத்தில் பந்தைத் தொடாமல் முன்வரிசையில் நின்று மோதும் ஐந்து பேர்தான் அஸ்திவாரம். அவர்களை வெளியே தேடி அலையாமல் உள்ளேயே வார்த்தெடுத்தது நெப்ராஸ்கா.

இரண்டாவது, வாக்-ஆன் முறை. உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் வந்து அணியில் சேரும் மாணவர்களுக்கு அந்தப் பெயர். மற்ற இடங்களில் இவர்கள் பயிற்சிக்கு உதவும் பொம்மைகள். நெப்ராஸ்காவில் இவர்களுக்கும் முழுப் பயிற்சி உண்டு. ஒரே நேரத்தில் மைதானத்தின் பல பகுதிகளில் தனித்தனியாகப் பயிற்சி நடக்கும், யாரும் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்க்க மாட்டார்கள். சின்ன ஊர்ப் பையன் ஒருவன் அணியின் சிவப்புச் சட்டை போட்டால் அந்த ஊரே வீட்டுக் கல்யாணம் போலக் கொண்டாடும். மற்ற மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் கொடுக்கும் உதவித்தொகையை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கையிலிருந்து பணம் கட்டி இங்கே வந்தவர்கள் உண்டு. உதவித்தொகை எண்ணிக்கைக்கு கல்லூரி விளையாட்டுகளின் தேசியச் சங்கமான என்சிஏஏ உச்சவரம்பு போட்டபோது, மற்றவர்களின் அணிகள் மெலிந்தன. நெப்ராஸ்காவுக்கு வாக்-ஆன் படை இருந்ததால் அந்தக் காற்று இந்தப் பக்கம் வீசியது.

மூன்றாவது, ஆப்ஷன் ஆட்டமுறை. பந்தை முதலில் வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், அதைத் தானே எடுத்து ஓடுவதா, பக்கத்தில் ஓடி வருபவனிடம் தள்ளுவதா என்று ஓடிக்கொண்டே முடிவெடுக்கும் முறை. இதற்கு ராக்கெட் வேகத்தில் பந்து எறியும் குவார்ட்டர்பேக் தேவையில்லை. அப்படிப்பட்டவர்களுக்காகப் பெரிய பல்கலைக்கழகங்கள் அடித்துக்கொண்டபோது, நெப்ராஸ்கா டாமி ஃப்ரேசியர் போன்ற ஓட்டக்காரத் தலைவர்களைத் தேடிப் பிடித்தது. சந்தையில் மற்றவர்கள் விலை குறைத்து மதிப்பிட்ட சரக்கை வாங்கியது என்று சொல்லலாம்.

நான்காவது, தொலைக்காட்சி. 1984 வரை எந்த ஆட்டம் தேசிய அளவில் ஒளிபரப்பாகும் என்பதை என்சிஏஏதான் முடிவு செய்தது. வாரத்துக்குச் சில ஆட்டங்களே. அவற்றில் நெப்ராஸ்கா அடிக்கடி இடம்பிடித்தது. நியூ ஜெர்சியில் இருக்கும் பையனுக்குத் தெரிந்த நாலைந்து அணிகளில் இதுவும் ஒன்று.

இவை நான்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. ஒரே பயிற்சியாளர், ஒரே ஆட்டமுறை, அதற்கேற்ற உடல்வாகு, அதற்கேற்ற ஆள்கள். தரம் குறைந்த சரக்கைக்கூட நான்கு ஆண்டுகளில் உயர்தரமாக்கும் பொறுமை.

பிறகு என்ன நடந்தது? பெரும்பாலானவை நெப்ராஸ்காவின் தவறே இல்லை. எடைப்பயிற்சியை எல்லோரும் காப்பியடித்தார்கள். எப்லியிடம் கற்றவர்களே நாடெங்கும் பரவினார்கள். 1984இல் உச்ச நீதிமன்றம் என்சிஏஏவின் ஒளிபரப்பு ஏகபோகத்தை உடைத்தது. கொஞ்ச காலத்தில் எல்லா அணிகளும் டிவியில் வந்தன. 1996இல் நெப்ராஸ்கா இருந்த பிக் எய்ட் லீக்கோடு டெக்சாஸின் நான்கு பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பிக் 12 உருவானபோது, அதிகாரத்தின் மையம் தெற்கே நகர்ந்தது. படிப்புத் தகுதியை முழுதாக எட்டாத மாணவர்களைச் சேர்ப்பதற்குப் புதிய லீக் கடிவாளம் போட்டது. அப்படிப்பட்டவர்களைச் சேர்த்துப் படிக்கவைத்து ஆட்டக்காரர்களாக்கியதில் நெப்ராஸ்காவுக்குக் கைதேர்ந்த பழக்கம் இருந்தது. அந்தக் கதவு குறுகியது. ஆண்டுதோறும் நடந்த ஓக்லஹோமா ஆட்டமும் நின்றுபோய், நான்கு ஆண்டுக்கு இரண்டு முறை என்றானது. புதிய லீக்கில் டெக்சாஸோடு மோதிய பத்து ஆட்டங்களில் ஒன்பதில் தோல்வி.

இவ்வளவுக்கும் பிறகும் அணி விழுந்துவிடவில்லை. ஆஸ்போர்னுக்குப் பின் வந்த ஃபிராங்க் சோலிச் ஆறு ஆண்டுகளில் 58 வென்று 19 தோற்றார். 2001இல் அவருடைய குவார்ட்டர்பேக் எரிக் க்ரவுச்சுக்கு நாட்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை கிடைத்தது. அணி தேசியப் பட்டத்துக்கான ஆட்டம் வரை போய் மயாமியிடம் 37-14 என்று தோற்றது. 2003இல் 9-3, அதாவது ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. அந்த நவம்பரில் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் ஸ்டீவ் பெடர்சன் அவரை நீக்கினார். அணி நடுத்தரத்தை நோக்கிச் சரிவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம்.

சரிவின் தொடக்கப்புள்ளி எது என்று கேட்டால் நான் இந்த முடிவைத்தான் காட்டுவேன். ஒன்பது வெற்றி போதாது என்று ஒருவரை அனுப்பியதைவிட, அவருக்குப் பதிலாக யாரைக் கொண்டுவந்தார்கள் என்பதுதான் பெரிய சேதம். ஓக்லண்ட் ரைடர்ஸ் என்ற தொழில்முறை அணியிலிருந்து பில் கலஹன் வந்தார். கொண்டுவந்தது 'வெஸ்ட் கோஸ்ட்' என்ற, துல்லியமான குறும்பாஸ்களை நம்பிய ஆட்டமுறை. ஆப்ஷனுக்காகப் பொறுக்கி, ஆப்ஷனுக்காக வளர்த்த பையன்கள் திடீரென்று வேறு ஆட்டம் ஆட வேண்டியிருந்தது. 2004இல் 5-6, 1961க்குப் பிறகு முதல்முறையாகத் தோல்வி சீசன். 1969 முதல் விடாமல் ஆடிவந்த, நன்றாக ஆடிய அணிகளுக்கே கிடைக்கும் ஆண்டிறுதி பவுல் ஆட்டமும் அந்த ஆண்டு கைநழுவியது. 2007இல் கன்சாஸிடம் 76-39 என்று தோற்றார்கள். மற்ற எல்லோரும் ஒரே மாதிரி ஆடும்போது தனித்து ஆடியதுதான் நெப்ராஸ்காவின் பலம். அதைத் தானே கழற்றி வைத்துவிட்டு, டெக்சாஸும் கலிஃபோர்னியாவும் ஆடும் ஆட்டத்தை அவர்களைவிடக் குறைந்த ஆள்பலத்தோடு ஆடப் போனது.

அடுத்து போ பெலினி. 2008 முதல் 2014 வரை ஏழு சீசன்கள். ஒவ்வொன்றிலும் அணிக்கு ஒன்பது அல்லது பத்து வெற்றி, நான்கு தோல்வி. தோற்றால் படுதோல்வி: 2012இல் லீக் இறுதியாட்டத்தில் விஸ்கான்சினிடம் 70-31, 2014இல் அதே அணியிடம் 59-24. வாய்த்துடுக்கும் சேர்ந்துகொள்ள, அவரையும் அனுப்பினார்கள். அவருக்கு அடுத்த மைக் ரைலி மூன்று ஆண்டில் 19-19. ஒவ்வொருவரும் புதிய முறை, புதிய உதவியாளர்கள், புதிய வகை ஆள்கள். முந்தையவர் சேர்த்த பையன்கள் அடுத்தவருக்குப் பொருந்தமாட்டார்கள். நான்காண்டு வளர்ப்பை நம்பிய இடத்தில் நான்காண்டு நிலைத்தன்மையே இல்லாமல் போனது.

இதற்கிடையே 2011இல் பிக் டென் லீக்குக்கு மாறினார்கள். பணத்துக்கு அது அருமையான முடிவு. 2022இல் அந்த லீக் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி நிறுவனங்களோடு செய்த ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். அதில் ஒரு பங்கு லிங்கனுக்கும் வருகிறது. ஆனால் டெக்சாஸ் பையனிடம் 'உன் வீட்டார் வந்து பார்க்கும்படி உன் மாநிலத்திலேயே ஆடுவாய்' என்று சொல்ல முடியாமல் போனது. நூறு ஆண்டுப் பகைகள் போய், ஐயோவா, இல்லினாய் என்று புதிதாகப் பகை வளர்க்க வேண்டியதாயிற்று. ஐயோவாவோ நெப்ராஸ்கா மறந்துபோன அதே பழைய சூத்திரத்தை, அதாவது முன்வரிசை, தற்காப்பு, ஒரே பயிற்சியாளர் என்பதை, விடாமல் பின்பற்றி அவர்களையே அடித்துக்கொண்டிருக்கிறது. அந்த முரண் லிங்கனில் யாருக்கும் சிரிப்பை வரவழைப்பதில்லை.

2018இல் ஸ்காட் ஃப்ராஸ்ட் வந்தபோது மாநிலமே நிமிர்ந்து உட்கார்ந்தது. 1997 பட்ட அணியின் குவார்ட்டர்பேக், உள்ளூர்ப் பையன், முந்தைய ஆண்டு சென்ட்ரல் ஃபுளோரிடா பல்கலைக்கழக அணியைத் தோல்வியே இல்லாமல் 13-0 என்று முடித்தவர். கிடைத்தது 16 வெற்றி, 31 தோல்வி. 2021 சீசனை ஆய்வாளர்கள் இன்னும் எடுத்து எடுத்துப் பார்க்கிறார்கள்: 3-9, ஒன்பது தோல்விகளும் ஒற்றை இலக்க வித்தியாசம். எட்டு புள்ளிக்குள் முடிந்த ஆட்டங்களில் அவருடைய மொத்தக் கணக்கு 5-22. இது வெறும் துரதிர்ஷ்டம் என்றால் காலப்போக்கில் சமனாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. உதைப் பிரிவின் சொதப்பல்கள், கடைசி நிமிடப் பந்து இழப்புகள், 2022இல் டப்ளினில் 11 புள்ளி முன்னிலையில் இருந்தபோது எதிர்பாராத ஆன்சைட் உதை (உதைத்த பந்தைத் தானே மீட்கப் பார்க்கும் குறு உதை) முயன்று ஆட்டத்தையே கைவிட்டது: எல்லாம் தயாரிப்பின் கோளாறுகள். பழைய அணியின் சட்டையைப் போட்டவர் என்பதற்காகப் பழைய அணியின் வேலைமுறை தானாக வந்துவிடாது என்பதை விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள். அவரை நீக்க மட்டும் சுமார் ஒன்றரைக் கோடி டாலர்.

மற்ற பெரிய அணிகள் விழுந்து எழவில்லையா? எழுந்திருக்கின்றன. ஓக்லஹோமா 1996 முதல் மூன்று ஆண்டு தோற்றுக்கொண்டே இருந்தது. 1999இல் பாப் ஸ்டூப்ஸ் வந்தார், 2000இல் பட்டம். அலபாமா 2006இல் 6-7. 2007இல் நிக் சேபன், அதன் பிறகு ஆறு பட்டங்கள். ஆனால் ஓக்லஹோமாவிலிருந்து டெக்சாஸின் டாலஸ் சில மணி நேரப் பயணம். அலபாமாவைச் சுற்றித் தென் மாநிலங்களின் ஆள் ஊற்று. அங்கே பயிற்சியாளர்தான் குறையாக இருந்தது, ஆள்கள் எப்போதும் பக்கத்தில் இருந்தார்கள். நெப்ராஸ்காவுக்குப் பொருத்தமான, கொஞ்சம் அச்சமூட்டும் உதாரணம் மினசோட்டா. 1934 முதல் 1941 வரை ஐந்து தேசியப் பட்டங்கள், 1960இல் இன்னொன்று. லீக் பட்டத்தைக் கடைசியாகப் பகிர்ந்தது 1967இல். அரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று. அங்கே இப்போது யாரும் 'எப்போது திரும்புவோம்' என்று கேட்பதுகூட இல்லை.

ஆனால் 2021க்குப் பிறகு விதிகளே மாறிவிட்டன. வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விற்றுப் பணம் வாங்கலாம் என்றானது. அணி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு, ஓராண்டு காத்திருக்காமலே தாவலாம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, முதல் ஆண்டில் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2.05 கோடி டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். அதே உடன்பாடு அணியின் அளவை 105 பேராகச் சுருக்கியது. ஆக, வாக்-ஆன் படையின் மீது கடைசி ஆணி விழுந்தது. ஆனால் ஊர் எங்கே இருக்கிறது என்ற கேள்வியின் கனமும் குறைந்தது. பையன் எந்த மாநிலத்தில் பிறந்தான் என்பதைவிட, யாரால் பணம் தரமுடியும், யார் சரியாக மதிப்பிடுகிறார்கள் என்பது முக்கியமாகிவிட்டது.

இதற்குச் சாட்சி இண்டியானா. கல்லூரிக் கால்பந்திலேயே அதிகத் தோல்விகள் கண்ட அணிகளில் முன்வரிசையில் நின்றது அது. 2023இல் 3-9. பயிற்சியாளராகக் கர்ட் சிக்னெட்டி வந்தார். தன் பழைய அணியான ஜேம்ஸ் மேடிசனிலிருந்து பலரைக் கூட்டிவந்தார். போர்ட்டலில் வயதும் அனுபவமும் கூடிய ஆள்களைப் பொறுக்கினார். 2024இல் 11-2. அந்த ஆண்டு அக்டோபரில் நெப்ராஸ்காவை 56-7 என்று புரட்டிப்போட்டார். 2025இல் ஃபெர்னாண்டோ மெண்டோசா என்ற குவார்ட்டர்பேக்கைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணியிலிருந்து கொண்டுவந்து, ஹைஸ்மன் கோப்பையும் தோல்வியே இல்லாத தேசியப் பட்டமும் பெற்றார்கள். பாரம்பரியம், கோப்பை அலமாரி எதுவும் தேவைப்படவில்லை. நெப்ராஸ்கா ரசிகருக்கு இது நம்பிக்கையும் தரும், எரிச்சலும் தரும். இண்டியானாவால் முடியுமென்றால் நம்மால் ஏன் முடியாது? சரி, நம்மால் ஏன் முடியவில்லை?

இப்போதைய பயிற்சியாளர் மேட் ரூல் 2022 நவம்பரில் அமர்த்தப்பட்டார். பேய்லர் பல்கலைக்கழகத்தில் 1-11 அணியை இரண்டே ஆண்டில் 11-3 ஆக்கியவர். இங்கே 2023இல் 5-7, 2024இல் 7-6, 2025இல் 7-6. 2024 கடைசியில் பாஸ்டன் காலேஜை 20-15 என்று வென்றது, 2016க்குப் பிறகு அணி ஆடிய முதல் பவுல் ஆட்டம். தற்காப்பு ஓரளவு நிமிர்ந்திருக்கிறது; நெருக்கமான ஆட்டங்களில் கைநடுங்குவது இன்னும் தீரவில்லை, 2023லும் 2024லும் ஐயோவாவிடம் தோற்றது இரண்டு முறையும் 13-10. அவர் எல்லா நம்பிக்கையையும் வைத்த குவார்ட்டர்பேக் டிலன் ரையோலா, அதே நெப்ராஸ்காவுக்கு ஆடிய டாமினிக் ரையோலாவின் மகன். 2025 நவம்பரில் கால் முறிந்தது. சீசன் முடிந்ததும் போர்ட்டலில் இறங்கி ஆரகன் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். பரம்பரைப் பாசம் பையனைக் கட்டிப்போடும் என்று கணக்குப் போடும் காலம் முடிந்தது.

கூட்டிப் பாருங்கள்: மூன்று ஆண்டில் ரூலின் கணக்கு 19-19. மைக் ரைலியை எந்தக் கணக்கில் அனுப்பினார்களோ அதே கணக்கு, அதே மூன்று ஆண்டு. ஆனால் ரூலுக்கு 2025 அக்டோபரில், பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் வேலை காலியாகி அவர் பெயர் அடிபட்டபோது, 2032 வரை ஒப்பந்தத்தை நீட்டிக் கொடுத்தார்கள். பயந்து கொடுத்தது என்று கேலி பேசுகிறவர்கள் உண்டு. நான் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். இருபது ஆண்டுகளாக அவர்கள் செய்யாத ஒன்றை, அதாவது ஓர் ஆளை வைத்துக்கொண்டு அவர் வேலையை முடிக்க விடுவதை, இப்போதுதான் முயல்கிறார்கள். எட்டாவது வெற்றியும் ஒன்பதாவதும் வருவதற்கு இது உதவலாம்.

1990களின் ஆதிக்கம் திரும்பாது. ஐந்து ஆண்டில் மூன்றே தோல்வி என்பதெல்லாம், மற்றவர்கள் கண்டுபிடிக்காததை முன்னமே கண்டுபிடித்தவர்களுக்குக் கிடைத்த பரிசு. இன்று எந்தக் கண்டுபிடிப்பும் இரண்டு சீசன் தாண்டி ரகசியமாக இருப்பதில்லை. ஆனால் 2024 முதல் தேசியப் பட்டப் போட்டியில் 12 அணிகளுக்கு இடம் உண்டு. மெமோரியல் ஸ்டேடியத்தின் கூட்டமும், பிக் டென்னின் பணமும் இருக்கும் ஓர் அணி, பத்து வெற்றியோடு அந்தப் பன்னிரண்டுக்குள் நான்கு, ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை நுழைவது நடக்கக்கூடியதே. அதற்கு முதலில் ஐயோவாவை வெல்ல வேண்டும், முன்வரிசையில் நிற்கும் அந்த ஐந்து பேரைப் போர்ட்டலில் வாங்கியோ வீட்டில் வளர்த்தோ சரிசெய்ய வேண்டும். குவார்ட்டர்பேக்கைத் தேடுவது அதற்கு அப்புறம்.